பானை வைத்தால் கேஸ். படித்து வந்தால் உத்தியோகம்!

பிளஸ்-2 ரிசல்ட் வந்துவிட்டால் போதும், நாமக்கல் மாவட்டத்தில் பத்து நாளைக்கு வேறு பேச்சே கிடையாது. பரமத்திவேலூர் பஸ் ஸ்டாண்டில் கரூர் பஸ்சுக்குக் காத்து நிற்பவரும் சரி, வெற்றிலைக் கட்டை இறக்கிக் கொண்டிருப்பவரும் சரி, "பையன் எவ்வளவு மார்க்குங்க? எதுல சேர்த்தப் போறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

பதிலும் வருஷா வருஷம் ஒன்றேதான். டாக்டர். அது கிடைக்காவிட்டால் என்ஜினீயர். அதுவும் ஒத்து வராவிட்டால் கோழிப்பண்ணை, லாரி ஆபீஸ்.

நொதித்தல் படிப்பு என்று ஒன்று இருக்கிறது. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் புளிக்க வைக்கிற படிப்பு. தோசை மாவு புளிப்பது, ரொட்டி உப்புவது, கள் பொங்குவது, பீர் நுரைப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். இதைத்தான் படிக்கப் போகிறேன் என்று ஒரு பையன் வீட்டில் வாயைத் திறந்தால் என்ன ஆகும்?

"ஏன்டா, சாராயம் காய்ச்சறதுக்கா உன்னை இங்கிலீஷ் மீடியத்துல போட்டேன்?" என்று அப்பா கையில் கிடைத்ததை எடுப்பார்!

அந்த அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். புளிக்க வைப்பது என்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் எங்களைப் போன்ற நிருபர்கள் எழுதுகிற செய்திதான். 'ஆற்றங்கரையில் பதுக்கிய சாராய ஊறல் அழிப்பு, வாலிபர் கைது!' இந்தத் தலைப்பை எத்தனை தடவை எழுதியாகிவிட்டது என்று கணக்கே இல்லை. பேரலைக் கவிழ்க்கிற போலீசார், முகத்தைத் திருப்பிக் கொண்டு நிற்கும் ஆசாமி, பின்னால் முள்காடு. போட்டோ கூட ஒரே மாதிரிதான்.

ஆனால் அந்தப் பேரலுக்குள் நடப்பது என்ன என்று நாங்களும் எழுதினதில்லை, போலீசாரும் சொன்னதில்லை.

பேரலுக்குள்ளே...

வெல்லத் தண்ணீர். அதில் வேலம்பட்டை, அழுகின பழம், கொஞ்சம் நவச்சாரம். இவ்வளவுதான் ஊறல். காற்றிலும் பழத்தோலிலும் ஒட்டிக் கிடக்கிற ஈஸ்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிர் அதில் இறங்கி, சர்க்கரையைத் தின்று, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் கக்குகிறது. பொங்குகிறதே, அது அந்த வாயு. நவச்சாரம் எதற்கு என்று காய்ச்சுகிறவனைக் கேட்டால் "கிக்குக்கு" என்பான். உண்மையில் அதிலுள்ள நைட்ரஜன் ஈஸ்டுக்குத் தீனி. பெரிய பாக்டரிகளில் இதே தீனியை வேறு உப்பாக, நிறுத்து அளந்து போடுகிறார்கள்.

மோகனூரில் இருக்கிற சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குச் சொந்தமாக ஒரு வடிப்பாலை உண்டு. கரும்புப் பாகின் கழிவில் ஈஸ்டைவிட்டு, புளிக்க வைத்து, வடித்து எரிசாராயம் எடுக்கிற இடம். ஆற்றோரம் முள்காட்டில் நடந்தால் குற்றம்; அதே ஆற்றோரம் சில மைல் தள்ளி ஆலைக்குள் நடந்தால் உத்தியோகம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது லைசென்சும் படிப்பும்தான்.

செல்போன் வந்தபிறகு ஒரு புது ஆசை கிளம்பியிருக்கிறது. வெள்ளைக்காரன் தன் வீட்டு அடுப்பங்கரையில் பீர் காய்ச்சிக் காட்டுகிற வீடியோக்களை நம் பையன்கள் பார்க்கிறார்கள். காலேஜ் ஹாஸ்டல்களில் திராட்சைச் சாற்றில் ரொட்டிக் கடை ஈஸ்டைப் போட்டு பாட்டிலில் அடைத்து வைக்கிற விளையாட்டும் நடக்கிறது. குடிக்கிற ஆசையைவிட, "என்னதான் ஆகுது பார்ப்போமே" என்கிற ஆசைதான் பல பேருக்கு. நல்ல ஆசைதான். விஞ்ஞானத்துக்கே அதுதான் வித்து.

ஆனால் தம்பிமாரே, ஜாக்கிரதை! தமிழ்நாட்டில் அது விளையாட்டு இல்லை. 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் போதைப் பானம் தயாரித்தால் குற்றம். திராட்சை ரசம் என்று பெயர் வைத்தாலும், கள் என்று சொன்னாலும், கிறிஸ்துமஸ் ஒயின் என்றாலும் அதேதான். ஒரு பாட்டிலா, ஒரு பேரலா என்பது தண்டனையின் அளவுக்குத்தான் பேச்சு. எப்.ஐ.ஆர். விழுந்துவிட்டால் பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும், சர்க்கார் வேலைக்கு நடத்தைச் சான்று கேட்பார்கள். கோர்ட்டு வாசலில் நிற்கிற இருபது வயசுப் பையன்களைப் பார்க்கிறவன் சொல்கிறேன். அபராதம் கட்டிவிட்டு வெளியே வருவது ஒரு நாள் வேலை. அந்தக் காகிதம் பின்னாலேயே வருவது பல வருஷ வேலை.

கருணாபுரத்தில் செத்தது எதனால்?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு முந்தின வருஷம், 2023 மே மாதத்தில் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கு மேற்பட்டவர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்களின் போட்டோக்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன.

இத்தனை பேரும் புளித்த ஊறலால் செத்தார்கள் என்றுதான் டீக்கடையில் பேசினார்கள். தப்பு! செத்தது மெத்தனால் என்ற தொழிற்சாலைச் சரக்கால். பெயிண்டுக்கும் ரசாயன பாக்டரிக்கும் போகிற சரக்கு அது. வாசனையிலும் நிறத்திலும் சாராயச் சத்தைப் போலவே இருக்கும். உடம்புக்குள் போனதும் பார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைப் பிடிக்கும். பிறகு உயிரைப் பிடிக்கும். வெல்லத் தண்ணீரில் ஈஸ்ட் அதை இந்த அளவுக்குத் தயாரிக்கவே தயாரிக்காது. புளிக்க வைத்து வடிக்கிற சிரமம் எதற்கு என்று, பேரல் பேரலாகக் கடத்தி வந்து தண்ணீரைக் கலந்து பாக்கெட் போட்டவர்களின் வேலை அது.

கருணாபுரம் சாவுக்குப் பிறகு சட்டசபையில் சட்டத்தைத் திருத்தி, உயிர்ச்சேதம் ஏற்பட்டால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய் அபராதம் என்ற அளவுக்கு ஏற்றினார்கள். ஏற்றட்டும், வேண்டியதுதான். ஆனால் எது விஷம், எது புளிப்பு என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் ஒவ்வொரு தாலுகாவிலும் எத்தனை பேர்? இந்தக் கேள்வியைச் சட்டசபையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

டாக்டர் சீட் கிடைக்காத பெண்

இப்போது பெங்களூருக்குப் போவோம்.

கிரண் மஜூம்தார்-ஷா என்ற பெயரைப் பேப்பர் படிக்கிறவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 'பயோகான்' மருந்துக் கம்பெனியின் அதிபர். கோடீசுவரி. அவருடைய ஆரம்பம் என்ன தெரியுமா? பீர்!

அப்பா ரசேந்திர மஜூம்தார், பெங்களூர் யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியில் தலைமை பீர் நிபுணர். மகளுக்கு டாக்டராக ஆசை. அதற்கான உதவித்தொகை கிடைக்கவில்லை. (நம்ம மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இந்தக் கதை!) 1973-ல் பெங்களூர் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் பட்டம் வாங்கினார். அப்பா சொன்னார்: பீர் வடிப்பும் விஞ்ஞானம்தான், அதைப் படியேன் என்று. ஆஸ்திரேலியாவில் பல்லாரட் என்ற ஊர்க் கல்லூரிக்குப் போனார். அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். முதலாவதாகத் தேறி 1975-ல் பீர் வடிப்பு நிபுணர் பட்டத்தோடு திரும்பினார்.

திரும்பின பிறகுதான் வேடிக்கை. பட்டம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. வேலை மட்டும் கிடைக்கவில்லை. பீர் பாக்டரி ஆம்பளைங்க வேலை என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஒரு பெண்ணாக இருந்தால் கல்யாணம் பண்ணிக் கொண்டு பட்டத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார். இவர் 1978-ல் பெங்களூரில் ஒரு வாடகைக் கார் ஷெட்டில், பத்தாயிரம் ரூபாய் முதல் போட்டு, அயர்லாந்து கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து பயோகானைத் தொடங்கினார். பேங்கில் கடன் கேட்டால் பெண்பிள்ளை, அதிலும் கேள்விப்படாத தொழில் என்று கைவிரித்தார்கள்.

அந்தக் கார் ஷெட்டில் முதலில் தயாரித்த சரக்கு இரண்டு. ஒன்று, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒருவகைப் பசை. பீரில் மிதக்கிற ஈஸ்டை அடியில் படிய வைக்க. மற்றொன்று, பப்பாளிக் காயைக் கீறினால் வடிகிற பாலிலிருந்து எடுக்கும் 'பாப்பைன்'. குளிர வைத்த பீர் கலங்காமல் இருக்க. கறி சீக்கிரம் வேகட்டும் என்று நம் வீட்டு அம்மாக்கள் குழம்பில் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறார்களே, அங்கே வேலை செய்வதும் அதே சரக்குதான்!

இதோடு நிற்கவில்லை. ஈஸ்டை வளர்க்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த ஈஸ்டைக் கொண்டே மருந்து செய்ய முடியும் என்ற கணக்கும் தெரிந்தது. 2004-ல் பயோகான் இன்சுலினை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதைத் தயாரித்துக் கொடுப்பது ஒருவகை ஈஸ்ட். தொட்டி, தீனி, சூடு, காற்று, சுத்தம் எல்லாம் பீர் பாக்டரியில் படித்த அதே பாடம். வேலூர் சந்தைப்பேட்டைப் பக்கம் காலையில் வாக்கிங் போகிற பெரியவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள். அந்த ஊசி மருந்துக்கும் ஊறல் பேரலுக்கும் சொந்தம் உண்டு என்றால் நம்புவார்களா?

சொந்தக்காரர்களில் ஒருவர் படித்தவர். அவ்வளவுதான்.

அடுப்பங்கரையிலிருந்து பாக்டரிக்கு

வீட்டில் பொழுதுபோக்காகத் தொடங்கி, காலேஜில் படித்து, பாக்டரி முதலாளி ஆன ஆள் யாராவது உண்டா என்று கேட்டால், அமெரிக்காவில் கென் கிராஸ்மேன் என்பவரைக் காட்டலாம். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் பீர் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்த பையன். பள்ளிக்கூட வயசிலேயே தானும் காய்ச்சிப் பார்த்தான். பிறகு கலிபோர்னியாவில் சீக்கோ என்ற சின்ன ஊருக்குக் குடிவந்து வேதியியலும் இயற்பியலும் படித்தான். 1976-ல் வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை போட்டான். அப்புறம் பால் பண்ணைகளில் கழித்துக் கட்டின பழைய தொட்டிகளை வாங்கி, தானே பற்றவைத்துப் பொருத்தி, கூட்டாளி ஒருவரோடு சியரா நெவாடா என்ற பீர் ஆலையை அமைத்தான். 1980-ல் முதல் தொட்டி காய்ச்சினார்கள். இன்று அமெரிக்காவின் பெரிய பீர்க் கம்பெனிகளில் அதுவும் ஒன்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. அமெரிக்காவிலும் 1920 முதல் 1933 வரை முழு மதுவிலக்கு இருந்தது. அதை எடுத்த பிறகும் வீட்டில் பீர் காய்ச்சுவது மட்டும் குற்றமாகவே கிடந்தது. கிராஸ்மேன் பையனாக இருந்து காய்ச்சினதும் சட்டப்படி குற்றம்தான்! 1978-ல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு அதை மாற்றினார். கடலைக்காய் விவசாயியாக இருந்து ஜனாதிபதி ஆனவர் அவர். அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் ஊருக்கு ஊர் சின்னச் சின்ன பீர் ஆலைகள் கிளம்பின.

நம் பக்கத்து பெங்களூரிலேயே 2010-க்குப் பிறகு, ஓட்டலுக்குள்ளேயே காய்ச்சி விற்கும் கடைகள் வந்துவிட்டன. அங்கே வேலை பார்க்க வடிப்பு நிபுணர் தேவை. வெளிநாட்டில் படித்த ஆளைச் சம்பளம் கொடுத்துக் கூட்டி வருகிறார்கள்.

முதல் மதுவிலக்கே இங்கேதான்

நம்ம ஊருக்கு வருவோம். 1937 அக்டோபர் 1-ந் தேதி, ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, மதுவிலக்கை முதன்முதலில் கொண்டு வந்தது எந்த மாவட்டத்தில்? சேலத்தில்! 1997-ல் நாமக்கல் தனியாகப் பிரிந்ததே அந்தச் சேலத்திலிருந்துதான். ஆக, மதுவிலக்கு பிறந்த மண் இது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1971-ல் எடுத்தார்கள். கொஞ்ச வருஷத்தில் மறுபடி போட்டார்கள். 1981-ல் திறந்தார்கள். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003 நவம்பர் முதல் சில்லரைக் கடையும் அரசாங்கத்தின் டாஸ்மாக் கையில். 2023-24-ம் ஆண்டில் மட்டும் அதன் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

பிராந்தியும் பீரும் அரசாங்கமே விற்கலாம். தென்னை மரத்துக்காரன் தன் மரத்தில் இறக்கின கள்ளை விற்றால் கேஸ். கேரளாவில் கள்ளுக்கடை லைசென்சோடு நடக்கிறது. தமிழ்நாடு கள் இயக்கம் நடத்துகிற நல்லசாமி பல வருஷமாக இதைத்தான் கேட்டுக் கொண்டிருக்கிறார். அவர் சொல்வதெல்லாம் எனக்கு உடன்பாடு இல்லை. கள்ளை உணவு என்று மட்டும் சொல்லிவிட்டு விட முடியாது. புளித்த கள்ளில் நாலு அஞ்சு சதவீதம் சாராயச் சத்து இருக்கிறது, பீரைப் போல. ஆனால் கேட்கிற கேள்விக்கு இதுவரை நேரான பதில் வரவில்லை என்பதும் உண்மை.

ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து ராஜா வாய்க்கால் பாய்கிற இந்தப் பூமியில் என்ன இல்லை? பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குச் சிப்பம் சிப்பமாக வெல்லம் வருகிறது. வேலூர் ஏலத்தில் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்று தார் தாராக வாழை. பிறகு தேங்காய். மூன்றும் சர்க்கரை. மூன்றையும் ஈஸ்ட் தின்னும். விலை விழுந்த நாளில் பழுத்த தாரை மாட்டுக்குப் போடுகிற விவசாயியைப் பார்க்கிறோம். அந்தப் பழத்தில் வினிகர் எடுக்கலாம். தேங்காய்ப் பூவின் பாலை இலங்கையில் வினிகர் ஆக்கி வீட்டுக்கு வீடு பயன்படுத்துகிறார்கள், கோவாவிலும் அதே. நம் கடைகளில் வினிகர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் முக்கால்வாசி, அமிலத்தில் தண்ணீர் கலந்த சரக்கு!

அம்மாமார் சொல்வது

இதை எழுதினால் பெண்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "ஏனப்பா தம்பி, குடிச்சுக் குடிச்சு ஊரே பாழாப் போச்சு. இதுல படிச்சு வேற காய்ச்சணுமாக்கும்?" என்று கேட்பார்கள்.

கேட்க உரிமை உள்ளவர்கள் அவர்கள்தான். குடித்துவிட்டு வந்தவன் கையால் அடி வாங்கி, ராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு ஸ்டேஷன் படி ஏறுகிற பெண்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிற வேலை எனக்கு. அவர்கள் முன்னால் நின்று பீரின் பெருமை பேச எனக்கு வாய் வராது. ஊருக்கு ஊர் பீர் ஆலை வையுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

நான் கேட்பது, படிப்பை ஏன் ஒளிக்க வேண்டும் என்றுதான். கிரண் மஜூம்தார்-ஷா படித்தது பீர், செய்தது மருந்து. பீர் பாக்டரிக்கு வேண்டாம் என்றாலும் ரொட்டி பாக்டரிக்கு ஈஸ்ட் வேண்டும். பெட்ரோலில் கலக்கிற எத்தனால் ஆலைக்கு ஆள் வேண்டும். தயிர், தடுப்பூசி, கோழித் தீவனத்தில் கலக்கிற என்சைம் வரைக்கும் வேண்டும். நாமக்கல்லில் கோழித் தீவனத்துக்கா பஞ்சம்? வெளியூரிலிருந்து மூட்டையில் வருகிற அந்த மாவை இங்கேயே ஒருத்தன் தயாரிக்கக் கூடாதா?

எங்கே படிப்பது?

நேராகவே சொல்கிறேன். பிளஸ்-2 முடித்ததும் பீர் வடிப்பு என்று போர்டு மாட்டின காலேஜ் தமிழ்நாட்டில் தேட வேண்டாம். வழி சுற்று வழிதான். முதலில் வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம், கெமிக்கல் என்ஜினீயரிங் இதில் ஒன்றில் பட்டம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிலையத்திலும் உணவுத் தொழில்நுட்பம் இருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் காலேஜ் இந்தத் துறைகளுக்குப் பழைய பேர் போன இடம்.

அதற்கு அப்புறம் அசல் சரக்கு. கான்பூரில் தேசிய சர்க்கரை நிலையம் இருக்கிறது. 1936-ல் ஏற்பட்ட மத்திய அரசு ஸ்தாபனம். பட்டதாரிகளுக்கு நொதித்தல், ஆல்கஹால் தொழில்நுட்பம் என்றே தனி டிப்ளமா. மகாராஷ்டிரத்தில் புனே பக்கத்தில் வசந்ததாதா சர்க்கரை நிலையம். அங்கே ஒயின், பீர், ஆல்கஹால் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்சி. உண்டு. இரண்டுமே சர்க்கரை ஆலைக்காரர்களுக்காக ஏற்பட்ட இடம் என்பதைக் கவனியுங்கள். கரும்பு விளைகிற ஊர்ப் பையன் அங்கே போய் நின்றால் அந்நியன் இல்லை.

வசதி உள்ளவர்களுக்கு ஜெர்மனியில் முனிச் பக்கம் வைஹன்ஸ்டெபான், ஸ்காட்லாந்தில் எடின்பரோ ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம். பணம் கொட்டிக் கொண்டு போகிற சமாசாரம். அதைவிட, லண்டனில் உள்ள பீர் வடிப்போர் சங்கம் நடத்துகிற பரீட்சைகளை, பாக்டரியில் வேலை பார்த்துக் கொண்டே எழுதுகிறவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். அது சம்பாதித்துக் கொண்டே படிக்கிற வழி. கிளார்க் வேலை பார்த்துக் கொண்டே தபால் மூலம் பி.ஏ. படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வேலை சொகுசு என்று நினைக்க வேண்டாம். வீடியோவில் கோப்பையை உயர்த்திக் காட்டுகிறவன், அதற்கு முன் பத்து மணி நேரம் தொட்டி கழுவினதைக் காட்ட மாட்டான். பீர் பாக்டரியில் பெரும்பகுதி கழுவுகிற வேலை. முளைகட்டின பார்லியை அறுபது எழுபது டிகிரி சூட்டில் ஊறவைக்க வேண்டும். ஐந்து டிகிரி தவறினால் சர்க்கரை இறங்காது. குளிர வைத்து ஈஸ்ட் விட்ட பிறகு ராத்திரி ஷிப்டில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சூடும் அடர்த்தியும் பார்த்து எழுத வேண்டும். காலியான தொட்டிக்குள் கரியமில வாயு தேங்கி நிற்கும். பரிசோதிக்காமல் தலையை உள்ளே விட்டவன் திரும்பி வர மாட்டான். சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவர்கள் செய்தி படிக்கிறோமே, அதே மாதிரிதான்.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

அரசாங்கம் செய்யக் கூடியது பெரிய காரியமல்ல. மாவட்டத்துக்கு ஒரு அரசுக் கல்லூரியில் நொதித்தல் ஆய்வகம். அதற்கு மதுவிலக்குத் துறையின் முறையான அனுமதி. உள்ளே என்ன லிட்டர், யார் பொறுப்பு என்று ரிஜிஸ்தர். ஆஸ்பத்திரியில் எரிசாராயம் வைத்துக் கொள்ள அனுமதி கொடுக்கிறார்கள். பள்ளிக்கூட லேபில் அமிலம் வைக்க அனுமதி கொடுக்கிறார்கள். இதற்கும் கொடுத்தால் வானம் இடிந்து விழாது. ஊறல் பிடிக்கப் போகிற போலீசாருக்கும் அங்கேயே பயிற்சி கொடுக்கலாம். மெத்தனாலை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்க முடியாது. சோதனை செய்யத்தான் வேண்டும்.

இன்னொன்று நீரா. 2017-ல் தமிழக அரசு தென்னையிலிருந்து நீரா இறக்க விதிகள் போட்டு, விவசாயிகளின் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் நீரா என்பது வெயில் ஏற ஏறக் கள்ளாக மாறுகிற சரக்கு. இறக்கும்போது சட்டப்படி நீரா, சந்தைக்கு வரும்போது சட்டப்படி கள்! மரத்திலேயே ஐஸ் பெட்டியில் பிடித்தால்தான் ஈஸ்ட் தூங்கும். அதற்கான பெட்டியைக் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஏற்கனவே செய்து கொடுத்துவிட்டது.

வேலூரில் தேங்காய்ப் பருப்பு ஏலத்துக்கு வருகிற விவசாயிகளில் அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தோட்டக்கலை அதிகாரிகள் ஒரு நாள் நேரில் வந்து கேட்டுப் பார்க்கட்டும். ஏலம் முடிவதற்குள் வர வேண்டும். முடிந்தால் எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள்.